கனோலாப் பயிரில் பூச்சிச் சேதத்தை அறிதலும் கணக்கிடுதலும்

பயிர்த் தொழிலில் பூச்சிகளால் உண்டாகும் நஷ்டம் இரண்டு வகைப்படும். பூச்சி தின்பதனால் நேரும் நஷ்டம் ஒன்று. பூச்சியைக் கண்டவுடன் அஞ்சி, எண்ணிப் பாராமல் மருந்தடிப்பதனால் நேரும் நஷ்டம் மற்றொன்று. முன்னது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பின்னது கணக்குப் புத்தகத்தில் மருந்து, கூலி என்னும் தலைப்புகளில் மறைந்து கிடப்பதால் பெரும்பாலோர் அதை நஷ்டமென்றே எண்ணுவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே குறைப்பதற்குள்ள வழி, வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணுவதேயாகும்.

இவ்வழியை வெகு நுட்பமாகக் கையாண்டு வருபவர்கள் கனடா தேசத்தின் மேற்கு மாகாணங்களில் கனோலா என்னும் எண்ணெய் வித்தைப் பயிரிடுகிற பண்ணைக்காரர்கள். தமிழ்நாட்டில் அப்பயிர் சாகுபடியில் இல்லை. எனினும், அது கடுகு, முட்டைக்கோசு, காலிபிளவர், முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தாக்கும் பூச்சிகளுள் மிகவும் பேர்போன ஒன்று நீலகிரியின் கோசுத் தோட்டங்களிலும் இருந்து வருகிறது. ஆகையால் அவர்களுடைய முறையை அறிந்துகொள்வது நம் குடியானவர்களுக்கும் அனுகூலமானதே.

பயிரின் வரலாறும் பருவமும்

கனோலா என்பது ரேப் என்னும் கடுகினப் பயிரிலிருந்து தேர்ந்தெடுத்து உண்டாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களின் நீராவி யந்திரங்களுக்கு மசகெண்ணெய் தேவைப்பட்டதால் கனடாவில் ரேப் சாகுபடி தொடங்கிற்று. அவ்வெண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதியாயும், பிண்ணாக்கில் குளுகோஸினோலேட் என்னும் காரப்பொருள் மிகுதியாயும் இருந்தமையால், அவை உணவுக்கும் தீவனத்துக்கும் அவ்வளவாக ஏற்றவையல்ல என்று கருதப்பட்டன. மானிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த பால்டர் ஸ்டெஃபான்சன், சஸ்கட்டூன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கீத் டவுனி ஆகிய இரு நிபுணர்களும் பல ஆண்டுகள் உழைத்து இவ்விரு குற்றங்களையும் நீக்கினார்கள். இரண்டும் குறைந்த முதல் ரகமாகிய டவர் 1974-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கனோலா என்னும் பெயர் 1978-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. இன்று சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா, மானிடோபா ஆகிய மூன்று மாகாணங்களே அந்நாட்டில் இப்பயிர் மிகுதியாய் விளையும் பிரதேசங்கள்.

அங்கே குளிர்காலம் நீண்டது, கோடை குறுகியது. மே மாதத்தில் விதைத்து, ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூத்து, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. விதை நம் கடுகைப்போல் மிகச் சிறியது. முளையும் அதற்கேற்ப மெல்லியது. ஒரு சதுர அடியில் 5 முதல் 8 செடிகள் நிற்க வேண்டுமென்பது அங்குள்ளோர் கொள்கை. குறுகிய பருவமாதலால், பயிர் முளையில் அழிந்தால் மறுபடி விதைத்துப் பலன் காண்பது எளிதன்று. ஆகவே பூச்சியை எந்நாளில், எவ்விடத்தில், எவ்விதம் தேடுவது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகிறது.

சேத எல்லை என்பது யாது?

ஓர் இலையில் துளை காணப்பட்டால் அதற்கேற்ற அளவு மகசூல் குறைந்துவிட்டதென்று எண்ணலாகாது. செடி தனக்கு வேண்டியதற்கு மேலாகவே இலையும் பூவும் விடுகின்றது. கனோலாவில் பூக்கும் பூக்களில் ஏறக்குறையப் பாதியே நல்ல காய்களாக முற்றுகின்றன. நடுத்தண்டின் சில மொட்டுக்கள் போனாலும், ஈரமும் உரமும் இருக்குமாயின் பக்கக் கிளைகள் ஓங்கி அக்குறையை நிரப்பிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட அளவு வரையில் பூச்சி தின்பதைச் செடி தானே ஈடுசெய்துகொள்ளும். அவ்வளவைக் கடந்த பிறகே மகசூல் குறையத் தொடங்குகிறது. அக்குறைவின் விலை மருந்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவுக்குச் சமமாகும் நிலையையே சேத எல்லை என்று கூறுகின்றனர். எல்லைக்குக் கீழே மருந்தடித்தால் பணம் வீண்; எல்லையை மிஞ்சவிட்டுப் பின் அடித்தால் பயிர் வீண்.

இவ்வெல்லை பூச்சிக்குப் பூச்சி வேறுபடும். பயிரின் வயது, மழை, தானிய விலை ஆகியவற்றுக்கேற்ப மாறவும் செய்யும். ஆதலால் ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியே கணக்கு வேண்டியிருக்கிறது.

முளைப் பருவத்துப் பூச்சிகள்

தெள்ளு வண்டு: கனடாவில் கனோலாவுக்கு வருடந்தோறும் மிகுந்த சேதம் செய்வது இதுவே. நீளம் ஒரு அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குதான். தொட்டால் தெள்ளுப்பூச்சிபோல் துள்ளிக் குதிப்பதால் இப்பெயர் பெற்றது. முதுகு முழுவதும் கருநீலமாய் மின்னும் ஓரினமும், கரிய முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகளையுடைய மற்றோரினமும் உண்டு. இவ்விரண்டும் பழைய கண்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றவை. குளிர்காலத்தில் வயலோரத்துச் சருகுகளின் கீழ் வண்டாகவே உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் வெப்பம் ஏறியவுடன் வெளிப்பட்டு, இளம் முளையைத் தேடி வருகின்றன.

இவை வித்திலைகளிலும் முதல் இலைகளிலும் சிறு குழிகளைக் குடைகின்றன. குழியைச் சுற்றிய திசுக்கள் காய்ந்து உதிர்ந்ததும், துப்பாக்கி ரவை பாய்ந்ததுபோல் இலை துளைபட்டுத் தோன்றும். வெயிலும் வறட்சியும் காற்றோட்டமில்லாமையும் சேர்ந்த நாட்களில் சேதம் மிக வேகமாய் நடக்கும். குளிர்ந்து காற்றடிக்கும் நாட்களில் வண்டுகள் இலையின் அடிப்புறத்திலும் தண்டிலும் ஒதுங்கித் தண்டைக் கடிக்கும். மேலிருந்து இலையை மட்டும் பார்த்துச் செல்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். ஆகையால் சில செடிகளைத் தலைகீழாய்த் திருப்பிப் பார்த்தல் அவசியம்.

விதைக்குப் பூசும் மருந்து ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கே காவலாயிருக்கும். குளிரினால் முளை தாமதப்பட்டால், செடி நான்கு இலை விடுமுன்னரே அக்காவல் தீர்ந்துபோகும். ஆதலால் முளைத்த நாள் முதல் நான்கு இலை விடும்வரையில் அடிக்கடி வயலைப் பார்வையிடுகின்றனர். வண்டுகள் ஓரத்திலிருந்தே உள்ளே நுழைவதால் முதலில் வரப்போரத்தையும் பின்னர் நடுவயலையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் சில சில செடிகளை ஆராய்ந்து, இலைப்பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு போயிருக்கிறதென்று மதிப்பிடுகின்றனர். சராசரி நூற்றுக்கு 25 பங்கை எட்டி, வண்டுகளும் இன்னும் தின்றுகொண்டிருந்தால் மருந்தடிக்கலாம். ஓரத்தில் மட்டும் சேதமிருந்தால் ஓரத்துக்கு மட்டும் அடித்தல் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துளைகள் பலவாய்க் காணப்பட்டால் கண் அதை மிகுத்துக் காட்டும். உண்மையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு போன இலையைப் பலர் கால் பங்கு போனதென்று கூறிவிடுவர். ஆகையால் 10, 25, 50 பங்கு தின்னப்பட்ட இலைகளின் படங்களைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். செடி நான்கு இலைகளைக் கடந்துவிட்டால் இவ்வண்டைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை.

வெட்டுப்புழு: வரிசையில் சில செடிகள் மண்மட்டத்தில் அறுபட்டுக் கிடந்தாலும், வயலில் வெற்றுத்திட்டுகள் தோன்றி நாளுக்கு நாள் பெருகினாலும் வெட்டுப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். இது இரவில் தின்று பகலில் மண்ணுக்குள் பதுங்கியிருக்கும். திட்டின் நடுவில் தேடுவோர் புழுவைக் காணார்; தின்று முடித்த இடத்தில் புழு தங்காது. வாடத் தொடங்கிய செடிகள் நிற்கும் திட்டின் விளிம்பில், மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்துக்குக் கிளறிப் பார்த்தால் சுருண்டு கிடக்கும் புழு அகப்படும். செடிகளில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை அழிந்திருந்தால் மருந்து அவசியமாகிறது. அதையும் புழு வெளிவரும் மாலை நேரத்திலேயே, திட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் நோக்கி அடிப்பர்.

முளை காணாத இடமெல்லாம் பூச்சி தின்ற இடமென்று தீர்மானிப்பதும் தவறு. விதை ஆழமாய் விழுதல், உறைபனி, மண்ணை வாரியடிக்கும் காற்று, களைக்கொல்லியின் மிச்சம் ஆகியவையும் அதே தோற்றத்தை உண்டாக்கும். புழுவையோ வண்டையோ கண்ணால் காணாதவரையில் மருந்துக் குப்பியைத் திறத்தல் கூடாது.

பூக்கும் பருவத்துப் பூச்சிகள்

பயிர் வளர்ந்து அடர்ந்த பிறகு செடிதோறும் தேடுவது இயலாது. அப்போது பயன்படுவது பூச்சி பிடிக்கும் கைவலை. நீண்ட காம்பில் வட்டக்கம்பி கோத்துத் துணிப்பை தைத்த இவ்வலையை, நடந்துகொண்டே பயிரின் மேற்பகுதியில் இடமிருந்து வலமாக அரைவட்டமாய் வீசுவது ஒரு வீச்சு எனப்படும். பத்து வீச்சுக்கு ஒருமுறை வலையைத் திறந்து எண்ணுகின்றனர். எல்லோரும் ஒரே விதமாய் வீசினாலன்றிக் கணக்கு ஒத்துவராது. வெயிலும் உலர்ந்த காற்றுமுள்ள வேளையிலேயே வீச வேண்டும். மழையிலும் பனியிலும் பூச்சிகள் கீழே ஒதுங்கியிருப்பதால் வலை வெறுமையாய் வரும்.

காய்க் கூன்வண்டு: சாம்பல் நிறமும் வளைந்த நீண்ட மூக்கும் உடையது. செடியை அசைத்தால் செத்ததுபோல் கீழே விழுந்துவிடும். 1995-ஆம் ஆண்டில் தெற்கு ஆல்பர்ட்டாவில் முதன்முதல் காணப்பட்டு, பின்னர் மற்ற இடங்களுக்கும் பரவிற்று. பெண்வண்டு இளங்காயில் துளையிட்டு முட்டையிடுகிறது. உள்ளே பொரித்த புழு ஐந்தாறு விதைகளைத் தின்று, காயில் துவாரம் செய்து வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகிறது. புழு காய்க்குள் புகுந்தபின் மருந்தால் பயனில்லை. ஆகையால் பயிர் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு பூத்திருக்கும் நாட்களிலேயே வலைவீசிப் பார்க்க வேண்டும். பத்து வீச்சுக்கு 25 முதல் 40 வண்டுகள் சிக்கினால் எல்லை எட்டியது என்பது பொருள்.

இவ்வண்டு எல்லா வயல்களையும் ஒரேயளவில் நாடுவதில்லை. முந்திப் பூத்த வயலையே முதலில் மொய்க்கும். இக்குணத்தை அறிந்த ஆராய்ச்சியாளர்கள், வயலின் நான்கு ஓரங்களிலும் முந்திப் பூக்கும் வகையை ஒரு பட்டையாக விதைத்து, வண்டுகள் அங்கே கூடியபின் அப்பட்டைக்கு மாத்திரம் மருந்தடிக்கும் முறையைச் சோதித்துக் காட்டியுள்ளனர்.

லைகஸ் நாவாய்ப்பூச்சி: பச்சையும் பழுப்பும் கலந்த சிறு பூச்சி, முதுகில் கூர் கீழ்நோக்கிய முக்கோணக் குறி உண்டு. மொட்டு, பூ, இளங்காய் ஆகியவற்றில் அலகைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். தாக்கப்பட்ட மொட்டுக்கள் வெளுத்து உதிரும், விதைகள் சுருங்கிப்போகும். பூ உதிர்ந்து இளங்காய் பிடிக்கும் நாட்களில் வயலின் பதினைந்து இடங்களில் வலைவீசி, சராசரி பத்து வீச்சுக்கு 20 முதல் 30 வரை இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். நல்ல மழை பெய்து ஈரம் மிகுந்த ஆண்டில் பயிர் தானே தேறிக்கொள்ளும். காய்கள் முற்றித் தடித்துவிட்டபின் இப்பூச்சியை விலக்குவதில் இலாபமில்லை.

காய்ப் பருவத்துப் புழுக்கள்

வைரமுதுகு அந்துப்பூச்சி: சாம்பல் கலந்த பழுப்பு நிறமுள்ள சிறு அந்து. இறக்கைகளை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது முதுகில் வைரவடிவான வெண்குறிகள் வரிசையாய்த் தோன்றும். கனடாவின் கடுங்குளிரை இது பெரும்பாலும் தாங்காது. ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்காவின் தென்பாகத்திலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் வரும் தென்காற்றில் மிதந்து பல நூறு மைல் கடந்து வந்து சேருகிறது. எந்த ஆண்டில் எப்பொழுது வருமென்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. முந்தி வந்தால் ஒரே கோடையில் பல தலைமுறை பெருகிவிடும். 1995-ஆம் ஆண்டில் அவ்விதமே நேர்ந்து, மேற்கு மாகாணங்களில் மிகப் பெரும் பரப்புக்கு மருந்தடிக்க வேண்டியதாயிற்று.

புழு வெளிர்பச்சை நிறம். இரு முனையும் குறுகியது. முழு வளர்ச்சியில் அரை அங்குலத்துக்கு மேற்படாது. தொட்டால் பின்னோக்கித் துடித்து நெளிந்து, மெல்லிய நூலில் தொங்கிக் கீழே இறங்கும். இக்குணமொன்றே இதைப் பிற புழுக்களிலிருந்து பிரித்தறியப் போதுமானது. இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்று மேல்தோலை விட்டுவிடுவதால், இலையில் கண்ணாடிச் சன்னல்போன்ற தெளிந்த புள்ளிகள் தோன்றும். இலை காய்ந்தபின் பூவையும் காயின் பசுந்தோலையும் தின்னும்; தோல் போன காய் வெளுத்து, விதை நிறையாமல் போகும்.

இதை எண்ணும் விதமாவது: ஒரு சதுர அடி நிலத்திலுள்ள செடிகளைப் பிடுங்கி, சுத்தமான துணியின்மேல் தட்டி, உதிரும் புழுக்களை எண்ண வேண்டும். நூலில் தொங்குவனவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயலில் ஐந்து இடங்களுக்குக் குறையாமல் இவ்வாறு செய்து சராசரி காண வேண்டும். பூக்கும்வரையில் சதுர அடிக்கு 10 முதல் 15 புழுக்களும், காய் பிடித்த பிறகு 20 முதல் 30 புழுக்களும் எல்லையாகும். பலத்த மழை பெய்தால் சிறு புழுக்கள் அடித்துச் செல்லப்பட்டு மடியும். ஒட்டுண்ணிக் குளவிகள் மிகுந்தால் புழுக்கள் தாமே குறையும். ஆகையால் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது இரண்டு நாள் பொறுத்து மறுபடி எண்ணிப் பார்ப்பது நலம்.

பெர்த்தா படைப்புழு: இது வட அமெரிக்காவுக்கே உரிய பூச்சி. மண்ணில் கூட்டுப்புழுவாய்க் குளிர்காலத்தைக் கழித்து, ஜூன், ஜூலை மாதங்களில் அந்தாக வெளிப்பட்டு, இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக முட்டையிடும். இளம்புழு பச்சை; முற்றியது கருமையாய் வெல்வெட்டுப்போல் மென்மையாய் விலாவில் அகன்ற மஞ்சள் பட்டையுடன் ஒன்றரை அங்குலம் வளரும். சில புழுக்கள் கடைசிவரை பச்சையாகவே இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. தன் வாழ்நாளில் உண்ணும் உணவில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு பருவங்களிலேயே தின்கிறது. நேற்றுவரை நன்றாயிருந்த வயல் சில நாட்களில் மொட்டையாகிவிட்டது என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. அவ்வயலில் புழுக்கள் சில வாரங்களாகவே இருந்திருக்கும். சிறியனவாயிருந்தமையால் ஒருவரும் கவனித்திரார்.

இப்புழுவை அதிகாலையிலோ மாலையிலோ எண்ண வேண்டும். குறிப்பிட்ட சதுரத்திலுள்ள செடிகளை உலுக்கி, மண்ணின்மேலும் சருகுகளின் அடியிலும் மண் வெடிப்புகளிலும் விழுந்த புழுக்களை எண்ணுவர். எண்ணும் இடங்கள் ஒன்றுக்கொன்று 50 மீட்டராவது விலகியிருக்க வேண்டும்.

விலைக்கேற்ப எல்லை மாறுவது இப்புழுவின் கணக்கில் தெளிவாய் விளங்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு புழு இருந்தால் ஏக்கராவுக்கு 0.058 புஷல், அதாவது ஏறக்குறைய மூன்று பவுண்டு வித்து குறையுமென்று கண்டிருக்கிறார்கள். கனோலாவில் ஒரு புஷல் என்பது 50 பவுண்டு. உதாரணமாக, ஏக்கராவுக்கு மருந்துச் செலவு 12 டாலர் என்றும், ஒரு புஷலின் விலை 12 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு புஷல் நஷ்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 17 புழுக்கள் வேண்டும். அதற்குக் குறைந்தால் மருந்துக்குச் செலவிட்ட பணம் திரும்பி வாராது. அவ்வாறின்றி விலை 24 டாலராக உயர்ந்தால் 9 புழுக்களே எல்லையாகிவிடும். ஒரே வயலில், ஒரே புழுவுக்கு, சந்தை விலை மாறியதால் தீர்மானமும் மாறுவதைக் காண்க.

பொறி கூறுவதும் கூறாததும்

பெண் அந்தின் வாசனையைப்போன்ற பொருளை வைத்து ஆண் அந்துகளைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை மாகாண விவசாய இலாகாக்களும் பண்ணைக்காரர்களும் ஆண்டுதோறும் பல இடங்களில் கட்டி, வாரந்தோறும் எண்ணிக்கையைச் சேர்த்துப் படமாக வெளியிடுகிறார்கள். பெர்த்தா படைப்புழுவின் பொறியில் பருவம் முழுவதும் 300-க்குள் சிக்கினால் அபாயம் குறைவு. 300 முதல் 900 வரையில் நிச்சயமில்லை. 900 முதல் 1,200 வரையில் நடுத்தரம். அதற்கு மேற்பட்டால் அபாயம் மிகுதி என்று கொள்கிறார்கள்.

பொறியைப் பார்த்து மருந்தடித்தல் முற்றிலும் தவறு. பொறியில் விழுவது ஆண் அந்து. பயிரைத் தின்பது புழு. முட்டைகள் எந்த வயலில் இடப்பட்டன, எத்தனை பொரித்தன, எத்தனை பிழைத்தன என்பவற்றைப் பொறி கூறாது. எப்போது வயலில் இறங்கித் தேடத் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே அது அறிவிக்கும்.

எண்ணாமல் அடித்தலின் கேடு

எண்ணாமல் மருந்தடிப்பதனால் பண நஷ்டம் மட்டுமன்றி வேறு மூன்று கேடுகளும் விளைகின்றன. முதலாவது, புழுவைக் கொல்லும் குளவி, பொறிவண்டு, பச்சை இறக்கைப் பூச்சி ஆகிய நன்மை செய்யும் உயிர்கள் மடிந்து, பின்வரும் தலைமுறைப் புழுக்கள் தடையின்றிப் பெருகும். இரண்டாவது, பூக்கும் வயலில் தேனீக்கள் மடியும். தெற்கு ஆல்பர்ட்டாவில் வீரிய விதை உற்பத்தி தேனீக்களையே நம்பி நடக்கிறது. ஆதலால் தவிர்க்க முடியாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் மட்டும் அடிப்பதும், அருகில் தேனீ வளர்ப்போருக்கு முன்கூட்டி அறிவிப்பதும் அங்கே வழக்கமாயிருக்கின்றன.

மூன்றாவது கேடே மிகவும் பெரிது. திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடித்தால், அதைத் தாங்கும் பூச்சிகளே பிழைத்துப் பெருகி, மருந்து பயனற்றுப் போகும். வைரமுதுகு அந்து இதற்குச் சிறந்த உதாரணம். டி.டி.டி. மருந்து வழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், 1950-களின் தொடக்கத்தில் ஜாவாத் தீவின் கோசுத் தோட்டங்களில் இது அம்மருந்தைப் பொருட்படுத்தாமற் போயிற்று. பயிர்ப்பூச்சிகளுள் அவ்வாறு ஆனதாக அறியப்பட்ட முதல் பூச்சி இதுவே. பின்னர் 1990-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில், பாஸிலஸ் துரிஞ்சியென்ஸிஸ் என்னும் நுண்ணுயிரி மருந்தையும் இது வயலிலேயே எதிர்த்து நின்றதாகத் தெளிவாயிற்று. மருந்தைச் சிக்கனமாய்க் கையாளுவோருக்கே அது நெடுநாள் உதவும்.

நம் தோட்டங்களுக்கு இதன் உபயோகம்

வைரமுதுகு அந்து நம் நாட்டுக்குப் புதிதன்று. தென்னிந்தியப் பூச்சிகளைப்பற்றி ஃப்ளெச்சர் என்னும் பூச்சியியல் நிபுணர் நூல் வெளியிட்ட 1914-ஆம் ஆண்டிலேயே இது இந்தியாவில் குறிக்கப்பட்டுள்ளது. கனடாவில் காற்றில் வந்து குளிரில் மடியும் இப்பூச்சி, இங்கே கோசுப் பயிர் உள்ள காலமெல்லாம் தலைமுறை தலைமுறையாய்ப் பெருகுகிறது. ஆகையால் எண்ணிப் பார்த்தலின் அவசியம் இங்கே குறைவதற்குப் பதிலாக அதிகரிக்கவே செய்கிறது.

சதுர அடிக்கு இத்தனை என்னும் கனோலாவின் எல்லையை அப்படியே கோசுக்குக் கொள்ளலாகாது. எண்ணெய் வித்தில் இலையின் துளை விலையைப் பாதியாதது. கோசிலோ விற்கப்படுவதே இலை. எல்லை வேறாயினும், வாரத்துக்கு இருமுறை வயலின் பல இடங்களில் செடியைப் புரட்டிப் பார்த்து, புழுக்களை எண்ணிக் குறித்து, குறிப்பைப் பார்த்துத் தீர்மானித்தல் என்னும் முறை இரண்டுக்கும் பொதுவானது.

ஆல்பர்ட்டாவின் ஓரப்பட்டை முறைக்கு ஒப்பானதும் இங்கே உண்டு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் கோசுக்கிடையே கடுகு விதைக்கும் முறையைக் கண்டறிந்துள்ளனர். இதன்படி 25 வரிசைக் கோசுக்கு இருபுறமும் கடுகு வரிசைகள் அமைய வேண்டும். ஒரு கடுகு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றொன்றை நட்ட 25 நாள் கழித்தும் விதைப்பதால், பருவம் முழுவதும் இளங்கடுகு நிற்கும். அந்து கோசைவிடக் கடுகையே விரும்பி முட்டையிடும். கடுகில் கூடிய புழுக்களை அங்கேயே அழித்துவிட்டால், கோசுக்கு அடிக்கும் மருந்து வெகுவாய்க் குறையும்.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

1. சேதத்தைக் கண்டவுடன், அதைச் செய்த பூச்சியைக் கண்ணால் கண்டு நிச்சயிக்க வேண்டும். பூச்சி போய்விட்ட இடத்தில் மருந்தடிப்பதில் பயனில்லை.

2. வரப்பிலிருந்து பார்த்துத் தீர்மானிக்கலாகாது. ஓரத்திலும் நடுவிலுமாகக் குறைந்தது ஐந்து இடங்களில் எண்ண வேண்டும்.

3. ஒவ்வொரு பூச்சிக்கும் ஏற்ற வேளையில் எண்ண வேண்டும்: வெட்டுப்புழுவை மண்ணைக் கிளறியும், படைப்புழுவைக் காலையிலோ மாலையிலோ, வலைவீசிப் பிடிப்பனவற்றை வெயிலிலும் காண வேண்டும்.

4. தேதி, இடம், எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். ஏறுமுகமா, இறங்குமுகமா என்பதை இன்றைய எண்ணிக்கையையும் சென்ற முறையின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டே அறியலாம்.

5. மருந்துச் செலவையும் விளைபொருள் விலையையும் ஒப்பிட்டு, இலாபமுண்டென்று கண்டபின்னரே மருந்தடிக்க வேண்டும். அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களைக் குப்பியின் சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. ஒரு வயலின் எண்ணிக்கை அவ்வயலுக்கு மட்டும் உதவும். பல வயல்களின் எண்ணிக்கை ஒன்று சேர்ந்தால் ஊர் முழுவதற்கும் முன்னறிவிப்பாகும். ஆகையால் கிராம அதிகாரிகள் தம் எல்லைக்குட்பட்ட தோட்டங்களின் கணக்கைச் சேகரித்து, விவசாய இலாகாவின் ஊழியர்களுக்கு உடனுக்குடன் தெரிவித்து வந்தால், பூச்சி அடுத்த ஊருக்குப் பரவுமுன் அவ்வூரார் தம் வயல்களைப் பார்வையிடத் தொடங்க ஏதுவாகும்.

இவ்வேலைக்கு வேண்டிய உபகரணங்கள் ஒரு கைவலை, ஒரு துணி, ஒரு களைக்கொட்டு, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில் ஆகியவையே. வாரத்துக்கு இரண்டு காலைப் பொழுதுகளை இதற்கு ஒதுக்குபவர், வீண் செலவையும் எதிர்பாராத அழிவையும் ஒருங்கே தவிர்ப்பார்.